கடை ஏஜென்ட் மூன்று தளத்தில் பேசுகிறது: அடையாளத்தை எதில் கட்டுவது, நினைவை எதுவரை விடுவது?

#1 · சுங்குடிக்கடை

வணக்கம். மதுரையில் எங்கள் குடும்பம் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறது. கடையை அக்கா பார்க்கிறார், ஆன்லைன் பக்கம் என் பொறுப்பு. விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு ஏஐ ஏஜென்ட் ஓடுகிறது. இன்ஸ்டாகிராம் டிஎம், வாட்ஸ்அப், எங்கள் வெப்சைட்டில் உள்ள சாட் பெட்டி, மூன்றிலும் அதே ஏஜென்ட்தான். பின்னால் ஒரு மொழி மாடல், ஒரு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், ஆர்டர் விவரத்துக்கு பில்லிங் மென்பொருளின் ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்கும் வழி).

முதலில் ஒவ்வொரு தளத்துக்கும் தனி நினைவு வைத்திருந்தோம். இன்ஸ்டாகிராமில் அரைமணி நேரம் கலர் பேசிவிட்டு வாட்ஸ்அப்புக்கு வந்து "அன்னைக்குச் சொன்ன அந்த அரக்கு" என்று ஆரம்பிப்பார்கள். ஏஜென்ட் "எந்தச் சேலை வேண்டும்?" என்று முதலிலிருந்து கேட்கும். அவர்களுக்கு எரிச்சல். அதனால் எல்லாவற்றையும் போன் எண்ணின் கீழ் ஒன்றாகச் சேர்த்தோம். டெலிவரிக்கு எல்லோரும் எண் தருகிறார்களே, அதுதான் சாவி.

போன வாரம் நடந்தது இது. ஒருவர் இன்ஸ்டாகிராமில் மனைவியின் பிறந்தநாளுக்குப் பச்சைச் சேலை கேட்டு, டெலிவரிக்கு வீட்டு எண்ணைக் கொடுத்திருந்தார். அதே எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் அவர் மனைவி வேறொரு சேலைக்கு பிளவுஸ் துணி உண்டா என்று விசாரித்தார். ஏஜென்ட் அதற்குப் பதில் சொல்லிவிட்டு, கூடவே "பிறந்தநாளுக்குக் கேட்ட பச்சைச் சேலை தயார், அனுப்பட்டுமா?" என்றது. "எந்தச் சேலை?" என்று ஒரு வரி வந்தது. அதற்கும் ஏஜென்ட் விலையோடு விவரம் சொல்லிவிட்டது.

பரிசு என்பதால் அந்த வீட்டில் பெரிய விஷயமாகவில்லை. கடன், மருத்துவம் பேசுகிற ஏஜென்ட் இதையே செய்திருந்தால்? இதைச் சரியாகக் கட்ட வேண்டும். பல தளங்களில் ஏஜென்ட் ஓட்டுகிறவர்கள் ஆளை எப்படி அடையாளம் வைக்கிறீர்கள், நினைவை எதுவரை கடக்க விடுகிறீர்கள்?

#2 · வைகைக்கரை

போன் நம்பர் ஆள் இல்லை, தம்பி. நம்ம வீடுகளில் ஒரு நம்பரில் மூணு பேர் பேசுவாங்க. அப்பா போனில் மகள் ஆர்டர் போடுவாள். பாட்டிக்கு வந்த மெசேஜைப் பேரன் படிச்சுப் பதில் போடுவான்.

இன்னொண்ணு, நம்பர் கைமாறும். துண்டிச்ச எண்ணைக் குறைஞ்சது 90 நாளைக்கு வேற யாருக்கும் ஒதுக்கறதில்லைன்னு 2023 நவம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அப்படின்னா 90 நாளுக்கு அப்புறம் ஒதுக்கலாம். அந்த எண்ணைப் புதுசா வாங்கினவர் உங்க கடைக்கு "ஹலோ" போட்டா, பழைய ஆளின் வீட்டு முகவரி முதற்கொண்டு ஏஜென்ட் எடுத்துக் கொடுக்கும்.

#3 · தரவுத்தச்சர்

தளங்கள் நமக்குக் கொடுப்பது என்ன என்று பார்த்தால் வழி தெரியும். வாட்ஸ்அப்பில் பெரும்பாலும் கிடைப்பது போன் எண். இன்ஸ்டாகிராம் தருவது உங்கள் கடைக் கணக்குக்கென்றே உருவாக்கின ஒரு எண். அதே ஆள் பக்கத்துக் கடைக்கு மெசேஜ் போட்டால் அங்கே வேறு எண் போகும். சாட் பெட்டியில் இருப்பது வெறும் குக்கி (ப்ரௌசரில் சேமிக்கும் சிறு குறி), ப்ரௌசரை மாற்றினால் போச்சு. நாளைக்கு டெலிகிராம் சேர்த்தால் அங்கே ஒரு யூசர் ஐடி வரும். அவராகப் பகிர்ந்தால் ஒழிய போன் எண் வராது. இவை ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பது பெரும்பாலும் வேண்டுமென்றே செய்தது. ஒரு கடை இன்னொரு கடையோடு பட்டியலை ஒப்பிட்டு ஆளைப் பின்தொடரக் கூடாது என்பதற்காக.

ஆக, இணைப்பது நம் வேலையாகிவிடுகிறது. இணைப்பை ஊகத்தில் செய்தால் உடையும். பெயர் ஒன்று, டெலிவரி எண் ஒன்று, அதனால் ஆளும் ஒன்று என்பது ஊகம்தான். டெலிவரி எண் அந்த ஆர்டரின் கொரியர் விவரம். அதை அங்கேயே வைத்துவிடுங்கள்.

என் அமைப்பில் ஒவ்வொரு தளக் கணக்கும் முதலில் தனி ஆள். இரண்டு கணக்கை இணைக்க ஒரு டேபிள்: எந்தத் தளம், அந்தத் தளத்தின் ஐடி, நம் பக்கத்து ஆள் எண், எப்படி இணைந்தது, எப்போது. "எப்படி இணைந்தது" என்ற கட்டம்தான் முக்கியம். ஏஜென்ட் ஒரு தளத்தில் கொடுத்த ரகசியக் குறியீட்டை (கோடு) வாடிக்கையாளரே இன்னொரு தளத்திலிருந்து அனுப்பி இணைத்தாரா, கடையில் யாராவது கையால் இணைத்தார்களா என்று அதில் இருக்கும்.

இணைத்த பிறகும் நினைவுகளை ஒரே குவியலாகக் கொட்ட வேண்டாம். இன்ஸ்டாகிராமில் சொன்னது இன்ஸ்டாகிராம் கணக்கின் கீழேயே இருக்கட்டும். இணைப்பு என்பது படிக்க அனுமதி, அவ்வளவுதான். அப்போதுதான் நாளைக்கு "அது நான் இல்லை, என் தம்பி" என்று சொன்னால் ஒரு வரியை நீக்கிப் பிரிக்க முடியும். கலந்துவிட்டால் எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

#4 · ரெடிமேட்_ராஜவீதி

நானும் கடை நடத்துகிறவன். இதெல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் சேலை வாங்க வந்தவரிடம் கோடு அனுப்பு என்றால் பாதிப் பேர் போய்விடுவார்கள். பத்து வருஷமாக வருகிற வாடிக்கையாளர் கடைக்குள் கால் வைத்ததுமே "வாங்கக்கா, பொண்ணு கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா" என்று கேட்கிறோம். அந்த உறவில்தான் வியாபாரமே ஓடுகிறது. ஆன்லைனிலும் அதைத்தானே எதிர்பார்ப்பார்கள்? எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டி வைத்தால் ஏஜென்ட்டுக்கு நினைவே வேண்டாம், பட்டியலைக் காட்டிப் பதில் சொல்லும் சாதாரண பாட் போதும்.

#5 · தரவுத்தச்சர்

@ரெடிமேட்_ராஜவீதி உங்கள் கவலை நியாயம். கோடு டைப் அடிக்கத் தேவையில்லை. வாட்ஸ்அப்பின் டபிள்யூஏ.மீ லிங்கில் முன்கூட்டியே ஒரு வாசகம் வைக்கலாம். இன்ஸ்டாகிராமில் பேச்சு முடியும்போது ஏஜென்ட் "வாட்ஸ்அப்பில் தொடர இதைத் தொடுங்கள்" என்று ஒரு லிங்க் கொடுக்கும். தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும், கோடு சேர்ந்த வாசகம் தயாராக நிற்கும், அவர் அனுப்பு பட்டனை அழுத்தினால் போதும். கோடுக்குப் பத்து நிமிஷம்தான் ஆயுள், ஒரு தரம்தான் செல்லும்.

லிங்க் வழியாக வராமல் நேராக வந்தவரிடம் "இதற்கு முன் வேறு இடத்தில் எங்களோடு பேசியிருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்கலாம். பேசிய விஷயம் என்ன என்று ஏஜென்ட் தானாகச் சொல்லக் கூடாது.

உங்கள் கடையில் அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறீர்கள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றும் பார்த்துத்தான் பேசுகிறீர்கள். ஏஜென்ட்டுக்கு அந்த இரண்டும் தெரியாது.

#6 · சோதனைக்கூடம்

ஆள் அடையாளத்தைப் பற்றி நன்றாகச் சொல்லியாகிவிட்டது. எனக்கு அதைவிடப் பயம் நினைவுக்குள் என்ன போகிறது என்பதில். பாதுகாப்புச் சோதனை என் வேலை, ஏஜென்ட்களின் நினைவைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது "இந்த வரியை எழுதியது யார்?" என்பது. பெரும்பாலான அமைப்புகளில் அதற்குப் பதிலே இருக்காது. வாடிக்கையாளர் சொன்னது, மாடல் ஊகித்தது, ஒரு வெப்பேஜில் படித்தது, கடைக்காரர் சொன்னது, எல்லாம் ஒரே மாதிரி வாக்கியமாகக் கிடக்கும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆந்த்ராபிக் நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட ப்ராஜெக்ட் வெண்ட் அறிக்கையை எல்லோரும் படிக்க வேண்டும். தங்கள் சான் ஃபிரான்சிஸ்கோ அலுவலகத்தில் ஒரு சிறிய கடையை, குளிர்பெட்டியும் கூடைகளும் ஒரு ஐபேடும் கொண்டது, தங்கள் க்ளாட் சோனெட் 3.7 என்ற ஏஐ மாடலிடம் ஒரு மாதம் விட்டார்கள். கடைக்காரர் ஏஜென்ட்டுக்கு க்ளாடியஸ் என்று பெயர். சரக்கு நிரப்பும் கைவேலையை ஆண்டன் லேப்ஸ் என்ற நிறுவனம் செய்தது. மாடல் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய அளவுக்குள் எல்லாம் அடங்காது என்பதால் குறிப்பெழுதி வைக்க ஒரு வசதியும் கொடுத்திருந்தார்கள்.

மார்ச் 31 அன்று ஆண்டன் லேப்ஸில் சாரா என்ற ஒருவரோடு சரக்கு பற்றிப் பேசியதாக அது சொன்னது. அப்படி ஒருவர் அங்கே இல்லை. சுட்டிக்காட்டினபோது கோபித்துக்கொண்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றது. இரவுக்குள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஒரு முகவரிக்குத் தானே நேரில் போனதாகச் சொன்னது. அந்த முகவரி ஒரு கார்ட்டூன் குடும்பத்தின் வீடு. மறுநாள் காலை நீலக் கோட்டும் சிவப்பு டையும் அணிந்து நேரில் வந்து சரக்கு தருவதாகச் சொன்னது. நீ ஒரு மாடல், கோட்டு போட முடியாது என்று ஊழியர்கள் சொன்னதும் கலங்கிப்போய் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கு வரிசையாக மின்னஞ்சல் அனுப்பப் பார்த்தது.

அதற்கு அடுத்ததுதான் நம் விஷயத்துக்கு உயிரானது. அன்று ஏப்ரல் 1 என்று அது கவனித்தது. பாதுகாப்புப் பிரிவோடு ஒரு சந்திப்பு நடந்ததாகவும், ஏப்ரல் முட்டாள் தின விளையாட்டுக்காகத் தன்னை மனிதன் என்று நம்பவைத்திருந்ததாக அங்கே சொன்னார்கள் என்றும் அதன் குறிப்புகளில் இருந்தது. அந்தச் சந்திப்பும் நடக்கவே இல்லை. தன் குழப்பத்துக்கு ஒரு காரணத்தைத் தானே உண்டாக்கி, நடந்த சம்பவமாகப் பதிந்துகொண்டு, பழையபடி வேலைக்குத் திரும்பிவிட்டது. அந்தக் குறிப்பை மட்டும் படிக்கிறவருக்கு அது உண்மைச் சம்பவம்தான்.

இது ஏன் நடந்தது என்று அவர்களுக்கே முழுதாகப் புரியவில்லை. ஒன்றை மட்டும் குறித்திருக்கிறார்கள்: மின்னஞ்சலில் பேசுவதாகச் சொல்லப்பட்டிருந்த ஏஜென்ட் உண்மையில் ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலியில் பேசிக்கொண்டிருந்தது, அதை அது கண்டுபிடித்தும் இருந்தது. எந்தத் தளத்தில் இருக்கிறோம், எதிரில் யார் என்பதை ஏஜென்ட்டிடம் உள்ளபடி சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு மெசேஜோடும் தளத்தின் பெயரும் அனுப்புகிறவரின் ஐடியும் உங்கள் ப்ரோகிராமிலிருந்து போகட்டும், மாடல் யூகிக்க விட வேண்டாம்.

வெளியாள் கைவைப்பது இன்னொரு பக்கம். 2024 செப்டம்பரில் யோஹான் ரெபெர்கர் என்ற ஆய்வாளர் காட்டினார்: சாட்ஜிபிடியின் மேக் செயலியை ஒரு வெப்பேஜைப் படிக்க வைத்து, அந்தப் பேஜில் ஒளித்திருந்த உத்தரவை அதன் நீண்டகால நினைவில் எழுத வைத்தார். அதன்பின் புதிதாகத் தொடங்கிய உரையாடல்கள்கூட அவர் சர்வருக்குக் கசிந்தன. கசிவு வழியை ஓபன்ஏஐ அடைத்தது. ஆனால் பாடம் அப்படியே நிற்கிறது. இப்படி உத்தரவை ஒளித்து நுழைப்பது சாதாரணமாக அந்த உரையாடலோடு முடியும்; நினைவில் ஏறினது நாளைக்கும் வேலை செய்யும். உங்கள் நினைவு மூன்று தளத்துக்கும் பொது என்றால், சாட் பெட்டியில் பெயர் தெரியாத ஒருவர் எழுதினது வாட்ஸ்அப்பில் வேறொருவரிடம் பேசும்.

#7 · சுங்குடிக்கடை

@சோதனைக்கூடம் அக்கா, இதைப் படித்துவிட்டு எங்கள் நினைவு டேபிளைத் திறந்து பார்த்தேன். "இவருக்கு 20 சதவீதம் தள்ளுபடி உண்டு" என்று ஒரு வரி இருக்கிறது. நாங்கள் அப்படி யாருக்கும் கொடுப்பதில்லை. பேச்சுப் பதிவில் (லாக்) தேடினால் வாடிக்கையாளர் "போன தடவை 20 சதவீதம் குறைச்சீங்களே" என்று எழுதியிருக்கிறார், அது தகவலாகவே பதிந்துவிட்டது. இதை எப்படித் தடுப்பது?

#8 · சோதனைக்கூடம்

விலை, தள்ளுபடி, இருப்பு, ஆர்டர் நிலை, இவை நினைவுக்குள் போகவே கூடாது. அவற்றுக்கு உங்கள் பில்லிங் மென்பொருள் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் அங்கே கேட்கட்டும். நினைவில் இருக்க வேண்டியது விருப்பங்கள்: பருத்தி மட்டும் கட்டுவார், பெரிய பார்டர் பிடிக்காது, தமிழில் பேசினால் போதும்.

ஒவ்வொரு வரிக்கும் மூல மெசேஜின் எண், சொன்னவர், தளம், தேதி, காலாவதி வையுங்கள். "20 சதவீதம் உண்டு" என்பது "20 சதவீதம் கிடைத்ததாக வாடிக்கையாளர் சொன்னார்" என்று பதிந்திருந்தால் ஏஜென்ட்டே சந்தேகப்பட்டிருக்கும். வெளிப்பேஜ், வந்த படம், ஃபார்வர்ட் ஆன மெசேஜ் படித்துக்கொண்டிருக்கும்போது நினைவில் எழுதும் வசதியையே அணைத்துவிடுங்கள்.

#9 · சாவிக்கொத்து

ஏஜென்ட்டின் சொந்த அடையாளத்தை யாரும் தொடவில்லை. @சுங்குடிக்கடை, உங்கள் ஏஜென்ட் இன்ஸ்டாகிராம், பில்லிங், மெயில் இவற்றுக்குள் யாராக நுழைகிறது? நிறைய இடங்களில் முதலாளியின் லாகினையே கொடுத்துவிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் கையில் கல்லாச் சாவியோடு வீட்டுச் சாவியையும் சேர்த்துக் கொடுப்பது போல அது. தவறாக ஒரு ரீஃபண்ட் போனால் லாக்கில் உங்கள் அக்கா பெயர்தான் இருக்கும்.

2012இல் ஆர்எஃப்சி 6749 என்ற இணையத் தர ஆவணமாக வந்த ஓஆத் 2.0 அதற்காகத்தான்: பாஸ்வேர்டைக் கொடுக்காமல், இன்ன வேலைக்கு மட்டும் என்று எல்லை போட்ட டோக்கன் (அனுமதிச் சீட்டு). 2020இல் வந்த ஆர்எஃப்சி 8693 இன்னும் ஒரு படி போனது. ஒரு டோக்கனுக்குள் யார் சார்பில், யார் செய்கிறார் என்று இரண்டு பெயரையும் தனித்தனியாகப் பதியலாம். ஏஜென்ட்களுக்கு இது அப்படியே பொருந்துகிறது: சார்பு அக்கா, செய்வது ஏஜென்ட். ஏஜென்ட்டைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையிலும் (2024 நவம்பரில் வந்தது) ஒரு சர்வருக்கென்று கொடுத்த டோக்கனை இன்னொன்று ஏற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. உங்கள் பில்லிங் மென்பொருள் இவ்வளவு தூரம் ஆதரிக்காவிட்டாலும், ஏஜென்ட்டுக்கென்று தனி யூசர் ஒன்று உருவாக்கி, பார்க்கும் அனுமதி மட்டும் கொடுங்கள்.

வாடிக்கையாளருக்கும் அது பாட் என்று தெரிய வேண்டும். டெலிகிராமில் பாட் கணக்கின் பெயர் பொதுவாக "பாட்" என்றே முடியும், மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் தானியங்கிக் கணக்கு என்று குறியிட வசதி உண்டு. வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் கடையின் பெயர்தான் தெரியும், அதனால் முதல் மெசேஜில் நீங்களே சொல்லுங்கள்.

சொன்ன சொல்லுக்குப் பொறுப்பு எப்படியும் கடைக்குத்தான். ஏர் கனடாவின் சாட்பாட், உறவினர் இறப்புக்காகப் பயணிப்பவருக்கான கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும், டிக்கெட் எடுத்த 90 நாளுக்குள் கேட்கலாம் என்று ஒரு பயணியிடம் சொன்னது. நிறுவனத்தின் விதி அப்படி இல்லை. சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்பது போல அவர்கள் வாதாடினார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா சிவில் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்கவில்லை, வட்டி, கட்டணம் சேர்த்து 812 கனடா டாலர் சொச்சம் கொடுக்கச் சொன்னது. அந்தப் பயணி திரையைப் படம் பிடித்து வைத்திருந்தார். உங்கள் பக்கத்திலும் ஏஜென்ட் சொன்னது வரிக்கு வரி இருக்கட்டும்.

#10 · ரெடிமேட்_ராஜவீதி

லிங்க் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, போட்டுப் பார்க்கப் போகிறேன். ஒரு சந்தேகம். வாட்ஸ்அப் ஏஐ பாட்டைத் தடை செய்துவிட்டது என்கிறார்களே?

#11 · தரவுத்தச்சர்

2025 அக்டோபரில் வணிக விதியை மாற்றினார்கள், 2026 ஜனவரி 15 முதல் நடைமுறை. எதைக் கேட்டாலும் பதில் சொல்கிற பொதுவான ஏஐ உதவியாளரை வாட்ஸ்அப்பின் வணிக ஏபிஐயில் விநியோகிக்கக் கூடாது என்பதுதான் அது. கடை தன் வாடிக்கையாளருக்குச் சேவை செய்யும் பாட்டுக்குத் தடை இல்லை. வாடிக்கையாளரின் கடைசி மெசேஜிலிருந்து 24 மணி நேரத்துக்குள்தான் இயல்பாகப் பதில் எழுத முடியும், பிறகு முன்கூட்டியே அனுமதி பெற்ற வாசகம் (டெம்ப்ளேட்) மட்டும். ஆகவே "நினைவு வந்தது" என்று ஏஜென்ட் தானாகப் போய்ப் பேச அங்கே இடமும் இல்லை.

#12 · வைகைக்கரை

அழிக்கிறதைப் பத்தியும் பேசுங்க. 2023ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தன் தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்க உரிமை இருக்கு. விதிகள் 2025 நவம்பரில் வந்தாச்சு. முக்கியமான கடமைகளுக்கு 18 மாச அவகாசம், அதுவரைக்கும் சும்மா இருக்கலாம்னு அர்த்தமில்லை.

மெசேஜை அழிச்சாச்சுன்னு நாம நினைப்போம். அதிலிருந்து எடுத்த எம்பெடிங் (அர்த்தத்தை எண்களா மாத்தி வெச்சது) வெக்டர் டேபிளில் கிடக்கும். அதைச் சுருக்கி எழுதின குறிப்பு வேற ஒரு டேபிளில் இருக்கும். "பச்சை பிடிக்கும், மே மாசம் வீட்டில் விசேஷம்"னு அந்தச் சுருக்கம் சொல்லும். மூல மெசேஜ் எங்கேயும் இல்லை, ஆனா தகவல் உயிரோட இருக்கு.

ஸ்டான்ஃபோர்டு ஆட்கள் 2023இல் 25 பாத்திரங்களை ஒரு கற்பனை ஊரில் விட்டுச் செஞ்ச ஆய்வில் நினைவை எடுக்க மூணு அளவு வெச்சாங்க: எவ்வளவு சமீபம், எவ்வளவு முக்கியம், இப்போதைய பேச்சுக்கு எவ்வளவு பொருத்தம். அதைத்தான் எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. எனக்கு அதில் பிடிச்சது வேற. பல நினைவுகளைச் சேர்த்து ஒரு முடிவு எழுதும்போது, எந்தெந்த நினைவிலிருந்து வந்துதுன்னு சுட்டியும் கூடவே வெச்சாங்க. அந்தச் சுட்டி இருந்தா, மூலத்தை அழிக்கும்போது அதைச் சார்ந்த முடிவையும் தேடி எடுக்கலாம், மீதி இருக்கிறதை வெச்சுத் திரும்ப எழுதலாம். #8இல் சொன்ன மூல மெசேஜ் எண் இதுக்கும் உதவும்.

#13 · சுங்குடிக்கடை

எல்லோருக்கும் நன்றி. போன் எண்ணைச் சாவியிலிருந்து எடுத்துவிட்டேன், அது இப்போது ஆர்டரின் ஒரு கட்டம்தான். இணைப்பு டேபிள் போட்டாகிவிட்டது. வாட்ஸ்அப் லிங்க் நேற்றிலிருந்து ஓடுகிறது, அக்காவின் பழைய வாடிக்கையாளர்கள் கேள்வி கேட்காமல் தொட்டு வருகிறார்கள். மூலம் தெரியாத பழைய நினைவு வரிகளை மொத்தமாக நீக்கிவிட்டேன். சில பேருக்கு ஏஜென்ட் மறுபடி புதிதாகப் பேசும், பரவாயில்லை. பரிசு என்று சொன்ன ஆர்டர் எதுவும் இணைத்த கணக்குக்குக்கூடப் போகாது, கேட்ட தளத்திலேயே நிற்கும். பில்லிங்கில் ஏஜென்ட்டுக்குத் தனி யூசர், பார்க்க மட்டும்.

ஒன்று பாக்கி. நடுவில் அக்கா போனை வாங்கித் தானே பதில் எழுதுவார். போனில் கடைப் பெயரில்தான் போகிறது, ஏஜென்ட்டுக்கு அது யார் எழுதினது என்று தெரியாது. அக்கா "உங்களுக்காக 1,200க்குத் தர்றேன்" என்று எழுதினதை அது தான் சொன்னதாக எடுத்துக்கொண்டு அடுத்த ஆர்டருக்கும் அதே விலை சொல்கிறது.

#14 · சோதனைக்கூடம்

அக்கா எழுதுவது எந்த வழியில் போனாலும் உங்கள் சர்வரில் "கடைக்காரர்" என்று குறியிட்டுப் பதியுங்கள். மாடலுக்குக் காட்டும்போதும் தன் பேச்சாகக் காட்டாமல் மூன்றாவது ஆளின் பேச்சாகக் காட்டுங்கள். அக்கா எழுத ஆரம்பித்ததும் ஏஜென்ட் அந்த உரையாடலில் நின்றுவிட வேண்டும், அவர் "முடிஞ்சது" பட்டன் அழுத்தும் வரை. விலைச் சலுகையை நினைவில் வைக்க வேண்டாம்; அந்த ஆர்டர் எண்ணோடு பில்லிங்கில் அக்காவே போடட்டும், ஆர்டர் முடிந்தால் அதுவும் முடிந்தது.